பாவைகள் ஆடிய 'புதையல் தீவு'

ஆங்கிலத்தில் 1996-ஆம் ஆண்டு வெளிவந்த 'மப்பெட் டிரஷர் ஐலண்ட்' என்னும் பாவைப்படத்தைச் சென்ற பள்ளி விடுமுறையில் மீண்டும் பார்த்தேன். மீண்டும் என்று சொல்லுவது முழு உண்மையன்று. முதன்முறை பார்த்தபோது நான் அதனைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அது 1997-ஆம் ஆண்டு. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளம் ஆசிரியன் நான். தோட்டத்து ஆசிரியர் குடியிருப்பில் எங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோக் கருவியும் இருந்தன. பட்டணத்துக் கடையிலிருந்து நண்பர் ஒருவர் இப்படத்தின் நாடாவை வாடகைக்கு எடுத்துவந்தார். 'புதையல் தீவு' என்று தமிழர் வழங்கும் அக்கதையை நான் மாணவப் பருவத்தில் சுருக்கப் பதிப்பாகவும், ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் முழு நூலாகவும் படித்து, பக்கங்கள் கழன்று விழுமளவுக்குப் போற்றி வைத்திருந்தவன். ஆதலின் பெருவிருப்போடு உட்கார்ந்தேன். கப்பலுக்குப் பணம் கொடுக்கும் சீமானாக ஒரு கரடிப் பொம்மை வந்தது. தன் விரலுக்குள் ஒரு மனிதன் குடியிருப்பதாகவும் அவனைக் கலந்தே எதனையும் முடிவு செய்வதாகவும் அது சொல்லிற்று. நான் எழுந்து கருவியை நிறுத்தினேன். "இது கதையைக் கேலி செய்வது, பிள்ளைகளுக்குக் காட்டத் தகாதது" என்று நண்பரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளி ஒன்றில், இளம் ஆசிரியை ஒருவர் ஆண்டிறுதி விழாவுக்காகப் பழங்கதை ஒன்றைக் காலுறைப் பாவைகளைக் கொண்டு நகைச்சுவையாக நடத்த விரும்பி என்னிடம் வந்தார். பழைய காலுறைகள் நிரம்பிய பெட்டி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இலக்கியம் விளையாட்டுப் பொருள் அன்று, டீச்சர்" என்று சொல்லி நான் மறுத்துவிட்டேன். "சரிங்க ஐயா" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவ்வாண்டும் எங்கள் விழாவில் வழக்கம்போல் இரண்டு நடனங்களும் ஒரு பேச்சும் இடம்பெற்றன. மறு ஆண்டு அவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிச் சென்றார். நான் அன்று மறுத்தது சரிதானா என்னும் கேள்வியே இம்முறை படத்தை இறுதிவரை பார்க்கச் செய்தது.

மூலநூல் பிறந்த வகை

படத்தைப் பற்றிச் சொல்லுமுன் நூலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஸ்காத்லாந்தியரான ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-ஆம் ஆண்டு பிரேமார் என்னும் மலையூரில் தங்கியிருந்தார். மழை ஓயாத பருவம். வீட்டுக்குள் அடைபட்ட வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்போர்னுடன் வண்ணங்களைக் கொண்டு விளையாடுகையில் ஒரு தீவின் படத்தை வரைந்தார். அப்படத்திலிருந்தே கதை முளைத்தது. நாளுக்கு ஓர் அதிகாரமாகப் பதினைந்து அதிகாரங்கள் விரைந்து எழுந்தன. மாலையில் வீட்டார்க்குப் படித்துக் காட்டுவார். அவருடைய தந்தை தாமசு ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். அவரும் சிறுவனைப்போல் கதையில் ஈடுபட்டு, கடற்பெட்டிக்குள் இன்னின்ன பொருள்கள் இருக்கவேண்டும் என்று தாமே பட்டியல் எழுதிக் கொடுத்தார். பின்னர் ஊற்று அடைத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் தாவோசு நகரில் குளிர்காலத்தைக் கழித்தபோதுதான் எஞ்சிய பகுதி முடிந்தது. 'யங் ஃபோக்ஸ்' என்னும் சிறுவர் இதழில் 1881 அக்டோபர் தொடங்கி 1882 சனவரி வரை, கப்பித்தான் ஜார்ஜ் நார்த் என்னும் புனைபெயரில் தொடராக வந்தது, 1883-இல் நூலாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. நான் புனிதப் பொருளாய்ப் போற்றிய நூல், மழைநாளில் ஒரு பையனை அழவிடாமல் வைத்துக்கொள்ள எழுந்த விளையாட்டு. பொம்மை கொண்டு அதனை விளையாடக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இதனை நான் 1997-இல் அறியாதவன் அல்லன். பயிற்சிக் கல்லூரிக் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தேன். எழுதியதைப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை.

படத்தை ஆக்கியோர்

மப்பெட் என்பவை அமெரிக்கரான ஜிம் ஹென்சன் படைத்த பாவைகள். அவற்றுள் தலையாயதாகிய கெர்மிட் என்னும் தவளையை 1955-இல் தம் தாயாரின் பழைய மேற்சட்டைத் துணியைக் கொண்டு அவர் தைத்தார்; கண்களுக்கு மேசைப்பந்து ஒன்றை இரண்டாக அறுத்து வைத்தார் என்பர். ஹென்சன் 1990-இல் தம் 53-ஆம் வயதில் காலமானார். அவருடைய மகன் பிரையன் ஹென்சன் 1992-இல் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதையைப் பாவைப்படமாக்கினார். அடுத்து இயக்கியதே இப்படம். இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்டது. பாடல்களை இயற்றியோர் பாரி மான், சிந்தியா வைல் என்னும் கணவன் மனைவியர். பின்னணி இசை ஹான்ஸ் சிம்மர்.

பாவை இயங்கும் முறையை அறிந்தால் இவர்களுடைய உழைப்பு விளங்கும். நம் பொம்மலாட்டத்தில் ஆட்டுவிப்போர் மேலே நின்று நூலை இழுப்பர். இங்கே ஆட்டுவிப்போர் கீழே இருப்பர். ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பாவையின் வாய்க்குள் செலுத்தி, விரல்களின் அசைவால் பேசச் செய்வர். மறுகையால் மெல்லிய கம்பிகளைப் பிடித்துப் பாவையின் கைகளை அசைப்பர். கரடி முதலிய சில பாவைகளுக்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாமவருடைய கை பாவையின் வலக்கையாகிவிடும். தாம் ஆட்டும் பாவையை அவர்கள் நேரே பார்ப்பதில்லை. அருகில் உள்ள சிறு திரையில் பார்த்தே ஆட்டுவர். அவர்கள் நிற்பதற்காகக் கப்பல் தளம் முதலிய அரங்குகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவர். இவ்வளவும் மறைந்து, கரும்பச்சைக் கடலில் ஒரு தவளை கப்பல் செலுத்துவதாக மட்டுமே நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், நாணம் அற்றவர் உலவுவதை மரப்பாவை நூலால் உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிட்டார். இந்தத் தவளைப் பாவையோ நாணத்தால் தலைகுனிகையில் நமக்கே நெஞ்சு இளகிவிடுகிறது. ஆட்டியவர் ஸ்டீவ் விட்மயர். ஜிம் ஹென்சன் மறைந்தபின் கெர்மிட்டின் பொறுப்பு இவருக்கு வந்தது.

வேடப் பங்கீடு

கதைத் தலைவன் சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸ். அவ்வேடம் தாங்கிய கெவின் பிஷப் அன்று ஏறத்தாழ 15 வயதினர். ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் லாங் ஜான் சில்வராக டிம் கர்ரி நடித்தார். குடிகாரப் பழங்கடலோடி பில்லி போன்ஸாக வருபவர் பில்லி கானலி. விடுதிக்காரியாக வருபவர் ஜெனிஃபர் சாண்டர்ஸ். சிறப்பான மனித வேடங்கள் இவ்வளவே. ஏனைய பெரும் பாத்திரங்கள் பாவைகள்.

யாருக்கு எந்த வேடம் என்று பங்கிட்டதிலேயே நூலைக் கூர்ந்து படித்தவர் கை தெரிகிறது. நூலில் கப்பித்தான் ஸ்மாலெட் சிரிப்பறியாத கண்டிப்புக்காரர். சீமானுக்கு அவரைப் பிடிக்காது. சிறுவனுக்கும் தொடக்கத்தில் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னதே நடக்கிறது. படத்தில் அவர் வருமுன்னரே, எரிமலை போன்ற சினத்தினர் என்று துணைவன் ஆரோ முழங்கி அனைவரையும் நடுங்க வைக்கிறான். வருபவரோ அடக்கமே வடிவான கெர்மிட் தவளை. அந்த ஆரோ, சாம் என்னும் கழுகு. நூலில் ஆரோ குடித்துக் கெட்டுக் கடலில் தொலைந்து போகிறவன். படத்தில் விதிகளையே உயிராகக் கொண்டவன். படகு பாதுகாப்பானதா என்று தானே இறங்கிச் சோதிக்குமாறு சில்வர் அவனுடைய கடமையுணர்ச்சியையே தூண்டிலாக்கிக் கடலில் விட்டுவிடுகிறான். குடியால் கெட்டவனைக் கடமையால் கெட்டவனாக மாற்றியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுற்றறிக்கைகளுக்கிடையே வாழும் தலைமையாசிரியர் யாரும் அக்கழுகைப் பார்த்துச் சற்றே சங்கடப்படுவர்.

சீமான் டிரெலானி நூலில் வாயாடி. கமுக்கத்தை ஊரெல்லாம் சொல்லி, கொள்ளைக்காரரையே பணிக்கு அமர்த்தி வருகிறவன். அவனைக் கரடியாக்கி, விரல் மனிதனிடம் யோசனை கேட்க வைத்தார்கள். எந்தக் காட்சியில் நான் எழுந்து கருவியை நிறுத்தினேனோ, அது நூலாசிரியர் அப்பாத்திரத்தைப் பற்றிச் சொன்னதற்கு நேர்மையான விளக்கவுரையே. பணம் உள்ளவன், அறிவில்லாதவன், அறிவுரை கேட்கிறேன் என்று தன் விரலையே கேட்கிறவன். இதைவிடச் சுருக்கமாக டிரெலானியைச் சொல்ல முடியாது.

தீவில் தனியே விடப்பட்ட பென் கன், நூலில் மூன்றாண்டு மனிதர் முகம் காணாது, பாலாடைக்கட்டிக்காக ஏங்கிக் கிடப்பவன். படத்தில் அவன் இடத்தில் பெஞ்சமினா கன் என்னும் பெயரோடு மிஸ் பிக்கி என்னும் பன்றி நங்கை காட்டுப்பன்றிகளுக்கு அரசியாக வீற்றிருக்கிறாள். கப்பித்தான் முன்னொரு நாள் மணமேடையில் கைவிட்டுப்போன காதலி அவள். இங்கே படம் நூலை விட்டு வெகுதூரம் ஓடிவிடுகிறது. மலைமுகட்டிலிருந்து இருவரையும் கட்டித் தொங்கவிட, அந்த நிலையிலேயே அவர்கள் காதற்பாட்டுப் பாடுவது சிரிப்புத்தான்; ஆயினும் அந்தப் பகுதி முழுவதும் கதை நின்றுபோகிறது. பென் கன்னின் தனிமைத் துயரத்தில் ஒரு துளியேனும் மிஞ்சியிருக்கலாம்.

அந்தப் பன்றிக் கூட்டத் தலைவனால் ஒரு வழக்கும் எழுந்தது. அவனுக்கு 'ஸ்பாம்' என்று ஒலிக்கும் பெயரை இட்டிருந்தனர். டப்பியில் அடைத்த பன்றியிறைச்சியை அப்பெயரால் விற்கும் ஹார்மல் நிறுவனம், தன் பொருளுக்கு இழுக்கு நேரும் என்று நீதிமன்றம் சென்றது. கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும் 1996 சனவரியில் அந்நிறுவனம் தோற்றது. பன்றிப் பொம்மையால் பன்றியிறைச்சியின் நற்பெயர் கெடுமா என்று நீதிபதிகள் ஆராய்ந்த அவ்வழக்கே தனி நகைச்சுவை நாடகம்.

ஒற்றைக்காலன்

இனி நூலின் உயிராகிய சில்வருக்கு வருவோம். ஸ்டீவன்சன் தம் நண்பரான கவிஞர் ஹென்லியை மனத்திற்கொண்டு அவனைப் படைத்தார். ஹென்லி நோயால் ஒரு காலை இழந்தும் பெருஞ்சிரிப்பும் பேராற்றலும் உடையவராய் வாழ்ந்தவர். அந்த ஆற்றலைக் கொண்டு, உயர்குணங்களை நீக்கி, ஒரு கொள்ளைக்காரனை வார்த்தார். அதனால்தான் சில்வர் தீயவன் என்று அறிந்த பின்னரும் படிப்பவர்க்கு அவனை வெறுக்க முடிவதில்லை. சமையற்காரனாய்ச் சிறுவனிடம் அன்பு காட்டும் அதே கை, தன்னோடு சேர மறுத்த தாம் என்னும் மாலுமியைக் கவைக்கோலை எறிந்து வீழ்த்திக் கத்தியால் குத்துகிறது. மறைந்திருந்து அதனைப் பார்த்த ஜிம்முக்கு உலகமே சுழல்கிறது.

திரைப்படங்களில் சில்வர் பலமுறை வந்துள்ளான். 1934-இல் வாலஸ் பீரி நடித்தார். 1950-இல் வால்ட் டிஸ்னி எடுத்த படத்தில் ராபர்ட் நியூட்டன் தம் தென்மேற்கு இங்கிலாந்துப் பேச்சொலியை உருட்டிப் பேசினார். கொள்ளைக்காரன் என்றாலே இன்று பிள்ளைகள் அடித்தொண்டையில் உறுமிக் காட்டுவது அவரிடமிருந்து பரவிய பழக்கமே. டிம் கர்ரி அவ்வழியில் செல்லவில்லை. தேன் போன்ற குரலில் பேசி, பாவைகளைப் பொம்மைகளாக எண்ணாமல் தம்மோடு சேர்ந்து நடிக்கும் நடிகர்களாகவே எண்ணி நடித்தார். தோளில் கிளிக்குப் பதில் ஒரு கடல்நண்டு. அதனோடு அவர் பேசும் பேச்சில் ஐயமே எழாது.

சிறுவனைத் தன் பக்கம் இழுக்க அவன் பாடும் ஒரு பாட்டு உண்டு. கொள்ளையும் ஒரு தொழில்தான், பார்க்கும் கண்ணைப் பொறுத்தது என்பது அதன் கருத்து. ஸ்பானியர்க்குக் கொடியவனான பிரான்சிஸ் டிரேக் ஆங்கிலேயர்க்கு வீரன் என்று எடுத்துக்காட்டும் தருகிறான். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இப்படத்தைக் காட்டியபோது இவ்விடத்தில்தான் நிறுத்தினேன். இம்முறை நிறுத்தியது வேறு காரணத்துக்காக. டிரேக் 1579-இல் நம் தீவுக்கூட்டத்துத் தெர்னாத்தேக்கு வந்து கிராம்பு ஏற்றிச் சென்றவர். 1581-இல் அரசி எலிசபெத்தின் ஆணையால் வீரப்பட்டம் பெற்றவர். "அவர் யார்? வணிகரா, வீரரா, கொள்ளைக்காரரா?" என்று கேட்டேன். அரைமணி நேரம் வகுப்பு இரண்டுபட்டது. சில்வர் சொல்லுவது உண்மையும் சூழ்ச்சியும் கலந்த வாதம் என்பதை ஒரு மாணவியே கண்டுபிடித்தாள். "அவர் சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா அதை ஏன் அந்தப் பையன்கிட்டச் சொல்றாரு?" என்று கேட்டாள். பயிற்சிக் கல்லூரியில் கருத்துணர்தல் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இந்த மாணவியின் கேள்வியைப்போல் ஒன்றை அங்கே நான் கேட்டதில்லை.

வகுப்பு மிகுதியாகச் சிரித்தது கப்பற் பெயர்ப்பட்டியல் அழைக்கும் இடத்தில். கிழட்டு தாம், மிகக் கிழட்டு தாம், செத்த தாம் என்று வரிசையாக அழைக்கிறார்கள். மூன்றாமவன் வெறும் எலும்புக்கூடு. மறுநாள் காலை வருகைப் பதிவின்போது ஒரு பையன் "செத்த தாம்" என்று குரல் கொடுத்தான். நானும் சிரித்துவிட்டேன். காற்று வீசாத நடுக்கடலில் மாலுமிகள் மனம் பேதலித்து ஆடிப்பாடும் காட்சி மற்றொன்று. கதையை அங்குலமும் நகர்த்தாத பாட்டு. நூலில் இல்லாத நிகழ்ச்சி. ஆயினும் அதனை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோமாளியின் இடம்

ஜிம்மோடு இரண்டு தோழர்கள் வருகிறார்கள்: கோன்ஸோ என்னும் வளைமூக்குப் பாவையும் ரிஸோ என்னும் எலியும். நூலில் இவர்கள் இல்லை. பில்லி போன்ஸ் விடுதியில் உயிர்விடும்போது, பிள்ளைகளுக்கான படத்தில் சாவா என்று எலி கத்துகிறது. பழைய கதையின் நடுவே இன்றைய பேச்சு. 1997-இல் இதைப் பார்த்திருந்தால் இதற்கும் சினந்திருப்பேன்.

ஆனால் நம் தோற்பாவைக்கூத்தில் இராமன் கதை நடக்கும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருகிறார்கள் அல்லவா? அவர்கள் வால்மீகியில் உண்டா, கம்பனில் உண்டா? திரைக்குமுன் உட்கார்ந்திருக்கும் ஊராரின் மொழியில் பேசி, ஊர் வம்பையும் இழுத்துச் சிரிக்க வைக்கிறார்கள். நம் நாட்டுக் கிளந்தானில் மகாராஜா வானா கதையை ஆடும் வாயாங் கூலிட்டில் பாக் டோகோலும் வாக் லோங்கும் செய்வது அதுவே. அங்கே பாக் டோகோலைத் தெய்வத்தன்மை உடையவராகவே கருதுகின்றனர். அவர் சிரிக்க வைப்பதனால் இராமன் குறைந்துபோனதாக எந்தத் தோக் டாலாங்கும் சொன்னதில்லை. இரவு முழுவதும் ஒரு பெருங்கதையைச் சிறுவர் உறங்காமல் கேட்டதற்குக் காரணம் அக்கோமாளிகள் அல்லரோ? நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்ததைப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற நான் மறந்துபோனேன். கப்பலின் முகப்பில் மரச்சிலைகளாகப் பொருத்தப்பட்ட இரண்டு கிழட்டுப் பாவைகள், படம் எவ்வளவு மோசம் என்று படத்துக்குள்ளிருந்தே குறைகூறிக்கொண்டு வருகின்றன. என்னைப் போன்ற பார்வையாளரைப் படத்தின் மூக்கிலேயே ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்!

விடுபட்டவை

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று எண்ண வேண்டா. இப்படத்தில் பெருங்குறை ஒன்று உண்டு. அது ஜிம்மின் தாய். நூலில் தந்தை தொடக்கத்தில் நோயால் இறக்கிறார்; தாய் உயிரோடிருந்து விடுதியை நடத்துகிறாள். பில்லி போன்ஸ் வாடகை பாக்கி வைத்துவிட்டு இறந்தபின், கொள்ளைக்காரர் எந்நேரமும் வரக்கூடும் என்று அறிந்தும், அவள் மகனோடு இருட்டில் திரும்பிவந்து அவனுடைய பெட்டியைத் திறக்கிறாள். பை நிறையப் பல நாட்டு நாணயங்கள். அவளுக்கு எண்ணத் தெரிந்தவை கினி நாணயங்கள் மட்டுமே; அவையோ அரிதாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று மகன் கெஞ்சுகிறான். தனக்குச் சேரவேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று அவள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். வெளியே குருடன் பியூவின் கோல் தட்டும் ஒலி கேட்கிறது. எழுநூறாயிரம் பவுன் புதையலுக்காக ஆள்கள் ஒருவரையொருவர் கொல்லும் கதையில், தன் பாக்கியை மட்டும் எண்ணி எடுத்த ஒருத்தி இருந்தாள். படத்தில் ஜிம் பெற்றோர் இருவருமற்றவன். விடுதிக்காரி சிரிப்புக்கு வரும் அயலாள். தாயை நீக்கியதால், தந்தை அன்பைத் தேடும் பிள்ளை சில்வரிடம் ஒட்டிக்கொள்வது வலுப்பெறுகிறது என்பது உண்மையே. தந்தை தந்த திசைகாட்டியை நெஞ்சோடு வைத்திருக்கும் அவனிடம் சில்வர் தந்தையரைப் பற்றிப் பேசும் காட்சி மெய்யாகவே உருக்கம். ஆனால் கொடுத்த விலை பெரிது.

மற்றொன்று முடிவு. நூலில் பகைவர் கையில் அகப்பட்ட ஜிம்மை மருத்துவர் லிவ்ஸி வேலியைத் தாண்டித் தம்மோடு ஓடிவரச் சொல்லுகிறார். ஜிம் மறுக்கிறான், சில்வரிடம் ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொலைகாரனுக்குக் கொடுத்த வாக்காயினும் வாக்கு வாக்கே என்று திரும்பிச் செல்லுகிறான். நூலின் உச்சி அதுதான் என்பது என் கருத்து. பின்னர்ச் சில்வர் ஒரு மூட்டை நாணயத்தோடு தப்புகையில் ஜிம் கப்பலில் இல்லை. பென் கன்தான் அவனை விட்டுவிடுகிறான். படம் வாக்குக் காத்த அதிகாரத்தை விட்டுவிட்டு, தப்பும் காட்சிக்குச் சிறுவனைக் கொண்டுவருகிறது. படகில் புதையலோடு கிளம்பும் சில்வரை ஜிம் கண்டுவிடுகிறான். சில்வர் துப்பாக்கியை நீட்டுகிறான், சுட முடியவில்லை. ஜிம் குரல் கொடுத்தால் போதும், கொடுக்கவில்லை. ஒருவன் தீயவன் என்று அறிந்தும் அவனுக்கு நாம் பட்ட கடனைத் தீர்ப்பது எப்படி என்னும் நூலின் கேள்வி, இடம் மாறிப்போயிற்றே தவிரத் தொலைந்துபோகவில்லை. அதன்பின் படகு ஓட்டையாகி மூழ்குவதும், தீவில் ஒதுங்கிய சில்வருக்கு ஒரு கல்தலை ஓயாமல் நகைச்சுவைத் துணுக்குச் சொல்லிக் கொல்வதும் தண்டனையாக வருகின்றன. நூல் முடிவில் ஜிம் கெட்ட கனவு கண்டு விழிக்கிறான். படத்தில் பிள்ளைகள் கைதட்டி எழுகிறார்கள். எனக்கு அந்தக் கனவே பிடிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டில் எது முதலில் கிடைக்க வேண்டும் என்று கேட்டால், இன்று என் விடை வேறு.

படம் முடிந்த அன்று வகுப்பில் எவரும் உடனே எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன், தந்தை இல்லாதவன், "ஐயா, சில்வர் அவனை உண்மையாவே விரும்பினாரா, ஏமாத்தினாரா?" என்று கேட்டான். "நூலில் அதற்கு விடை தேடலாம்" என்றேன். மறுநாள் நான்கு பிள்ளைகள் நூலகத்துக்கு வந்தனர். பள்ளியில் இருந்ததோ என்னுடைய பழைய, பக்கம் கழன்ற ஒரே பிரதி. அதை வைத்து நாளுக்கு ஓர் அதிகாரமாகத் தமிழில் சொல்லி வருகிறேன். பதினோராம் அதிகாரம், ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து ஜிம் சதியைக் கேட்கும் இடம், சென்ற வாரம் முடிந்தது.

அந்த ஆசிரியைக்கும் தொலைபேசியில் பேசினேன். என் தவற்றைச் சொன்னேன். அவர் சிரித்து, "பெட்டியை நான் தூக்கிப் போடலைங்க ஐயா" என்றார். பெட்டி பேருந்து அஞ்சலில் வந்து சேர்ந்தது. மழைநீர் பிடிக்கும் நீலப் பீப்பாய் ஆப்பிள் பீப்பாயாகிவிட்டது. சில்வரின் தோளில் கிளியும் வேண்டாம், நண்டும் வேண்டாம், மைனாதான் வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஜிம்முக்கு அம்மா கட்டாயம் வேண்டும் என்று சில்வரின் வாதத்தைக் குறுக்குக் கேள்வி கேட்ட அதே மாணவி பிடிவாதமாக நின்றாள். வெள்ளைக் காலுறையில் அவளே அம்மாவைத் தைத்திருக்கிறாள். கினி நாணயத்துக்குப் பத்துக் காசுகள். பன்னிரண்டு சேரவேண்டும், பத்தாவதை எண்ணும்போது திரைக்குப் பின்னாலிருந்து குருடனின் கோல் தட்டும் ஒலி கேட்க வேண்டும். அந்தக் கோலைத் தட்டும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள்.